பாரிஸிலிருந்து மானிப்பாய்க்கு: தமிழுக்கு வந்த பிரசவ வைத்தியம்

தூத்துக்குடியில் இருந்து கடற்கரையோரமாகத் தெற்கே போனால், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் முக்கியமான ஊர்களில் அதுவும் ஒன்று. போர்ச்சுகலில் இருந்து வந்த அண்டிரிக் அடிகளார் அங்கே தங்கித் தமிழ் படித்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழில் தந்த நூல். இது பலருக்கும் தெரியும், பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். அதே அடிகளார் 1550 வாக்கில் புன்னைக்காயலில் முத்துக்குளிக்கும் மக்களுக்காக ஒரு மருத்துவமனையும் தொடங்கினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தமிழ் அச்சும் மேலைநாட்டு மருத்துவமும் இப்படி ஒரே மனிதரின் கையால் இந்தக் கரைக்கு வந்தன. ஆனால் இரண்டும் ஒன்று சேர்ந்து, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிக்கலாம் என்ற நிலை வர ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆயின. (சித்த மருத்துவ ஏடுகள் தமிழில் ஏற்கெனவே ஏராளமாக இருந்தன. அது தனிக் கதை.) அது பெரிய அளவில் நடந்த இடம் கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில் உள்ள மானிப்பாய்.

1857-ல் வெளிவந்த ஒரு புத்தகத்தின் பெயர் 'பிரசவ வைத்தியம்'. அதைத் தமிழில் கொண்டுவந்தவர் ஒரு அமெரிக்க டாக்டர். மூல நூல் அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் எழுதப்பட்டது. அந்த நூலில் உள்ள அறிவின் வேரைத் தேடிப் போனால் அது பாரிஸில் போய் நிற்கும். ஒரு தாயின் உயிரைக் காப்பாற்றும் அறிவு யார் கையில் இருந்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பாரிஸில் ஒரு அண்ணன்

17-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் மருத்துவம் பார்ப்பவர்கள் இரண்டு வகையாக இருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் லத்தீனில் படித்தவர்கள் ஒரு வகை. நாடி பார்த்து மருந்து சொல்வது அவர்கள் வேலை. கையால் வெட்டிக் கட்டும் சர்ஜன்கள் இன்னொரு வகை. இவர்களில் பெரும்பாலோருக்கு லத்தீன் தெரியாது, மதிப்பும் குறைவு. பிரசவமோ இந்த இரண்டு பேரிடமும் இல்லை. அது மருத்துவச்சிகளின் வேலை. எல்லாம் கைமீறிப் போன பிறகுதான் சர்ஜனைக் கூப்பிடுவார்கள். அவர் பெரும்பாலும் இறந்த குழந்தையை வெளியே எடுப்பதற்காகத்தான் வருவார்.

மருத்துவச்சிகளிலும் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். லூயிஸ் பூர்ஷ்வா என்ற பெண்மணி பிரான்ஸ் அரசிக்குப் பிரசவம் பார்த்தவர். 1601-ல் பிறந்த பதின்மூன்றாம் லூயி மன்னரை முதலில் கையில் ஏந்தியவர் அவர்தான். 1609-ல் தன் அனுபவத்தைப் பிரெஞ்சு மொழியில் புத்தகமாகவே எழுதினார்.

அந்த ஊரில் 1637-ல் பிறந்தவர் பிரான்சுவா மொரிசோ. அவர் ஒரு சர்ஜன். ஓட்டேல் தியூ என்ற பழைய தர்ம ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதியில் தொழில் கற்றுக்கொண்டார். அவர் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த அவருடைய தங்கைக்கு இரத்தப்போக்கு ஏற்பட்டது. நஞ்சு, பிள்ளைக்கு முன்னால் வந்துவிட்ட நிலை. பெயர் பெற்ற சர்ஜன் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் கை வைக்கத் தயங்கிப் போய்விட்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் அண்ணனே தங்கைக்குப் பிரசவம் பார்த்தார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது, தங்கை இறந்துபோனாள்.

இப்படிப்பட்ட இரத்தப்போக்கில் காத்திருக்கக் கூடாது, உடனே பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று மொரிசோ பிறகு எழுதினார். 1668-ல் வெளிவந்த அவருடைய நூல் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் நோய்களைப் பற்றியது. அதை அவர் லத்தீனில் எழுதவில்லை. மருத்துவச்சியும் சாதாரண சர்ஜனும் படிக்கக்கூடிய பிரெஞ்சில் எழுதினார். லத்தீன் பதிப்பு 1681-ல்தான் வந்தது.

பிரசவ நாற்காலிக்குப் பதிலாகப் படுக்கையில் பிரசவம் பார்ப்பது, கிழிசலைச் சுத்தம் செய்து தைப்பது, கால் முதலில் வரும் குழந்தையின் தலையை எப்படி வெளியே எடுப்பது என்று நடைமுறைக்கு வேண்டிய பல விஷயங்கள் அந்த நூலில் இருந்தன. கடைசியாகச் சொன்ன அந்தக் கைமுறை இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. 'மொரிசோ - ஸ்மெல்லி - வைட்' முறை என்று பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த முதல் பெயர் இவருடையது.

அவர் சொன்னது எல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வரும் ஜன்னிக்குக் காரணம், வெளியேற வேண்டிய உதிரம் உள்ளே தங்கிவிடுவதுதான் என்று அவர் நம்பினார். கிருமி என்ற ஒன்றை அறியாத காலம் அது.

மூடிய பெட்டி

மொரிசோவின் வாழ்க்கையில் இன்னொரு பிரபலமான சம்பவம் 1670-ல் நடந்தது. லண்டனில் இருந்து ஹ்யூ சேம்பர்லேன் என்பவர் பாரிஸ் வந்தார். எவ்வளவு சிக்கலான பிரசவத்தையும் சில நிமிடங்களில் முடிக்கும் ரகசியம் தன் குடும்பத்திடம் இருப்பதாகவும், நல்ல விலை கிடைத்தால் அதை விற்கத் தயார் என்றும் சொன்னார்.

அந்த ரகசியம் என்ன? நம் ஊரில் 'ஆயுதம் போட்டு எடுத்தார்கள்' என்று சொல்கிறார்களே, அந்த ஆயுதம்தான். குழந்தையின் தலையை இருபுறமும் பிடித்து இழுக்கும் இடுக்கி. சேம்பர்லேன் குடும்பம் பிரான்ஸிலிருந்து மதக் கலவரத்துக்குப் பயந்து இங்கிலாந்துக்கு ஓடிப்போன குடும்பம். அங்கே இந்தக் கருவியைக் கண்டுபிடித்து, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெளியே சொல்லாமல் வைத்துத் தொழில் செய்தார்கள்.

மொரிசோ ஒரு பரீட்சை வைத்தார். எலும்பு வளைந்து, இடுப்பு மிகவும் குறுகிப்போன ஒரு பெண் பல நாட்களாகப் பிள்ளை பெற முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிரசவம் பார்க்கும்படி சேம்பர்லேனிடம் சொன்னார். சேம்பர்லேன் கதவை மூடிக்கொண்டு மூன்று மணி நேரம் முயன்றும் முடியவில்லை. அந்தப் பெண் மறுநாள் இறந்துபோனாள். இரண்டு மருத்துவர்களின் போட்டியில் பலியான அவளுடைய பெயர் வரலாற்றில் இல்லை. ரகசியமும் விலை போகவில்லை.

ஊர் திரும்பிய சேம்பர்லேன் ஒரு காரியம் செய்தார். மொரிசோவின் புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1672-ல் வெளியிட்டார். அதன் முன்னுரையில், தன் குடும்பத்திடம் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது குடும்பச் சொத்து என்பதால் வெளியிட முடியவில்லை என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்! ஒரே புத்தகத்தில், எல்லோருக்கும் திறந்து வைத்த அறிவும் பெட்டிக்குள் பூட்டி வைத்த அறிவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அந்த இடுக்கி 18-ஆம் நூற்றாண்டில்தான் பொதுவாகத் தெரிய வந்தது. குடும்பம் பயன்படுத்திய அசல் கருவிகள் 1813-ல் இங்கிலாந்தில் அவர்களுடைய பழைய வீட்டில் தரைப்பலகைக்கு அடியில் கிடைத்தன. அந்த நூறு ஆண்டுகளில் அது வெளியே தெரிந்திருந்தால் எத்தனை தாய்மார்களும் குழந்தைகளும் பிழைத்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

டப்ளின் வழியாக

மொரிசோவின் நூல் ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, பிரசவம் பார்ப்பது அங்கே மெல்ல மெல்லப் பாடமாக மாறியது. லண்டனில் வில்லியம் ஸ்மெல்லி மாணவர்களைச் சேர்த்துப் பிரசவப் பாடம் நடத்தினார். 1745-ல் டப்ளினில் பர்த்தலோமியு மாஸ் ஏழைப் பெண்களுக்காக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கினார். ரொட்டுண்டா என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. டப்ளின் பிரசவ மருத்துவத்துக்குப் பேர் போன நகரமானது.

அந்த டப்ளினில் ஹென்றி மான்செல் என்ற டாக்டர் 1834-ல் ஒரு கையேடு எழுதினார். பெரிய ஆராய்ச்சி நூல் அல்ல. டப்ளினில் பிரசவம் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் புத்தகம். 23 ஆண்டுகள் கழித்து அது தமிழ் பேசும் என்று மான்செல் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

யார் இந்த கிரீன்?

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1822-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகள் உள்ள பெரிய குடும்பம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிரீன் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாவதில் பெரும் பங்கு வகித்தவர். தம்பி நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-ல் பட்டம் பெற்றார். 1847-ல் அமெரிக்க மிஷனின் டாக்டராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

1847 என்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரேதப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்ப்பதால்தான் ஜன்னி வருகிறது என்று கண்டுபிடித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். 10 சதவீதத்துக்கும் மேல் இருந்த தாய்மார் மரணம் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. ஆனாலும் பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. அதே ஆண்டில் எடின்பரோவில் சிம்ப்சன், பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்துப் பார்த்தார். பிரசவ மருத்துவமே ஒரு திருப்பத்தில் நின்ற நேரத்தில்தான் கிரீன் கப்பலேறினார்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் அமெரிக்க டாக்டர் கிரீன் அல்ல. ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்து, பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்து, 1836-ல் சென்னைக்கு மாறியவர். (அந்தக் குடும்பத்தின் பெயர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வரும்.) கிரீன் 1848-ல் மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். முதலில் மூன்று மாணவர்கள். பாடம் ஆங்கிலத்தில். கூடவே தமிழும் படித்தார்.

ஏன் தமிழ்?

இங்கேதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது. கிரீன் ஆங்கிலத்தில் கற்பித்த மாணவர்கள் நன்றாகப் படித்தார்கள். ஆனால் படித்து முடித்ததும் பலர் அரசாங்க உத்தியோகம், நல்ல சம்பளம் என்று வெளியூர் போய்விட்டார்கள். மானிப்பாய்க்குப் பக்கத்தில் உள்ள கிராமத்தில் ஒரு பெண் பேறுகால வலியில் துடித்தால் அவளிடம் போவதற்கு ஆள் இல்லை.

கிரீன் யோசித்தார். ஆங்கிலத்தில் படித்தவன் ஆங்கிலம் செல்லுபடியாகும் இடத்துக்குப் போகிறான். தமிழில் படித்தவன் தமிழ் பேசும் ஊரில் இருப்பான். ஆகவே மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டும். அதற்குப் புத்தகம் வேண்டும். புத்தகம் இல்லை என்றால் உண்டாக்க வேண்டும்.

இந்த முடிவில் மதக் கணக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கிரீன் ஒரு மிஷனரி. கிராமத்திலேயே தங்கும் கிறிஸ்தவ டாக்டர்கள் மிஷனுக்குத் தேவைப்பட்டார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்க மிஷனே ஆங்கிலக் கல்வியில் இருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது. புகழ்பெற்ற வட்டுக்கோட்டை செமினரி 1855-ல் மூடப்பட்டது. ஆனால் மற்ற மிஷனரிகள் செய்யாத ஒன்றையும் கிரீன் சொன்னார். மாணவர்கள் கோட்டும் கால்சட்டையும் போட்டு வெள்ளைக்காரர்களைப் போல மாற வேண்டாம், தங்கள் ஊர் உடையிலேயே இருக்கட்டும் என்பது அவர் கருத்து.

மாணவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் இல்லாத மருத்துவப் படிப்பு அவர்களைக் கிராமத்திலேயே கட்டிப்போட்டுவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆங்கிலம் சம்பளத்துக்கும் மதிப்புக்கும் வழி. டாக்டர் கிராமத்தில் இருக்க வேண்டும் என்பது நோயாளியின் தேவை, முன்னேற வேண்டும் என்பது மாணவனின் தேவை. இந்த இழுபறி இன்று வரை தீரவில்லை.

சொல் தேடிய கதை

மானிப்பாயில் அமெரிக்க மிஷன் 1834-ல் இருந்தே அச்சகம் வைத்திருந்தது. கட்டர் என்பவரின் உடற்கூறு நூலைக் கிரீன் 1852-ல் தமிழாக்கி வெளியிட்டார். அடுத்து வந்தது 1857-ன் 'பிரசவ வைத்தியம்'. அறுவை மருத்துவமும் பெரிய உடற்கூறு நூலும் வருவதற்கு முன்பே பிரசவ நூல் வந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஊருக்கு முதலில் எது தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆண்டில் ஓய்வுக்காக அமெரிக்கா போன கிரீன், திருமணம் செய்துகொண்டு 1862-ல் மனைவியோடு திரும்பி வந்தார். 1864 முதல் அவருடைய வகுப்பு முழுக்கத் தமிழில் நடந்தது. அதன்பின் புத்தகங்கள் வரிசையாக வந்தன. 1867-ல் 'இரண வைத்தியம்', 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 1875-ல் 'கெமிஸ்தம்', 1883-ல் 'மனுஷ சுகரணம்'. இதில் 'மனுஷ அங்காதிபாதம்' என்பது இன்றும் உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் கிரேயின் அனாட்டமி. அது லண்டனில் முதலில் வெளிவந்தது 1858-ல். பதினான்கே ஆண்டுகளில் தமிழில்! 'கெமிஸ்தம்' அச்சானது நமக்குப் பக்கத்தில், நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகத்தில்.

புத்தகம் எழுதுவதை விடச் சொல் தேடுவது கஷ்டமாக இருந்திருக்கும். கிரீன் அதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடு. தமிழில் இல்லை என்றால் வடமொழியில் தேடு. அங்கும் இல்லை என்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. உடற்கூறு 'அங்காதிபாதம்' ஆனது. உடல் வேலை செய்யும் விதம் 'சுகரணம்' ஆனது. சுகாதாரம் 'உற்பாலனம்' ஆனது. கெமிஸ்ட்ரி 'கெமிஸ்தம்' ஆனது. மருத்துவச் சொற்பட்டியல்களையும் தனியாக அச்சிட்டார்.

இந்தச் சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. 'சுகரணம்' என்றால் இன்றைக்கு யாருக்கும் புரியாது, 'உடலியங்கியல்' என்றுதான் சொல்கிறோம். வடமொழி கலந்த நடையும் இன்றைய வாசகருக்குக் கடினம். அதற்காக அவர் செய்தது வீண் என்று சொல்ல முடியாது. முதலில் ஒருவர் ஒரு சொல்லை வைத்தால்தான் அடுத்தவர் அதை மாற்றி நல்ல சொல் வைக்க முடியும்.

இதெல்லாம் ஒரு தனி மனிதர் செய்த வேலை அல்ல என்பதும் முக்கியம். கிரீனிடம் படித்த யாழ்ப்பாணத்து மாணவர்களே மொழிபெயர்ப்பில் பெரும் பங்கெடுத்தார்கள். அவர் கூடவே இருந்து திருத்தினார். மொத்தம் 4000 பக்கங்களுக்கும் மேல் மருத்துவத் தமிழ் உருவானது. அறுபதுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள்.

உடல்நிலை காரணமாகக் கிரீன் 1873-ல் அமெரிக்கா திரும்பினார். அங்கே இருந்துகொண்டும் தமிழ்ப் புத்தக வேலையை விடவில்லை. 1884-ல் வூஸ்டரில் காலமானார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் எழுதும்படி கேட்டுக்கொண்டார். அப்படியே எழுதப்பட்டது.

திறக்காத கதவு

இத்தோடு கதையை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 'பிரசவ வைத்தியம்' புத்தகத்தை யார் படித்தார்கள்?

கிரீனின் மாணவர்கள் எல்லோரும் ஆண்கள். அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஆண் டாக்டரைப் பேற்றறைக்குள் விடும் வழக்கம் இல்லை. பிரசவம் பார்த்தது ஊர் மருத்துவச்சி. பல ஊர்களில் இவர்கள் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். அம்மாவிடம் இருந்து மகளுக்கு என்று கைப்பழக்கமாக வந்த தொழில். பனிக்குடம் உடைந்தது முதல் கொடி அறுப்பது வரை எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் எழுத்து தெரியாது. உடுவிலில் 1824-லேயே பெண்களுக்கான விடுதிப் பள்ளி வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அங்கே படித்த பெண்கள் மருத்துவச்சி வேலைக்குப் போகவில்லை. மருத்துவச்சியின் மகள்கள் அந்தப் பள்ளிக்குப் போகவில்லை.

ஆக, புத்தகம் படிக்கத் தெரிந்தவன் வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே இருந்தவளால் புத்தகம் படிக்க முடியவில்லை. சேம்பர்லேன் வீட்டில் அறிவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். கிரீன் வந்தபோது அது ஆங்கிலத்துக்குள் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டை அவர் திறந்தார். ஆனால் பேற்றறையின் கதவு அவரால் திறக்கக்கூடியது அல்ல. அதைப் பெண்கள்தான் திறக்க முடியும்.

தமிழ்நாட்டில் அது எப்படித் திறந்தது என்பதற்கு இரண்டு பெண்களைச் சொல்லலாம். சென்னையில் வக்கீல் ஒருவரின் மனைவியாக இருந்த மேரி ஷார்லீப், பெண்கள் டாக்டரிடம் போகாமலே பிரசவத்தில் சாவதைக் கேள்விப்பட்டு முதலில் மருத்துவச்சிப் பயிற்சி எடுத்தார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். கோஷா பெண்களுக்காக 1885-ல் சென்னையில் அவர் முயற்சியில் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை.

இன்னொருவர், பண்டத்தரிப்பு ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர். 1890-களின் தொடக்கத்தில், உடம்பு சரியில்லாத அம்மாவைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். டாக்டராகும் எண்ணமே அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். ஐடா தனக்கு வைத்தியம் தெரியாது, டாக்டரான அப்பா வருவார் என்றார். மூன்று பேருமே ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. ஐடா அமெரிக்கா போய் 1899-ல் டாக்டராகி, 1900-ல் வேலூர் வந்தார். 1918-ல் அங்கே பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுதான் வளர்ந்து இன்றைய சி.எம்.சி. ஆனது.

கிரீன் இருந்த யாழ்ப்பாணத்திலும் 1898-ல் இணுவிலில் பெண்களுக்கான மக்லியோட் மருத்துவமனை வந்தது. 'பிரசவ வைத்தியம்' அச்சாகி அப்போது 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மீதி வேலையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள். 1930-களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 2000 தாய்மாருக்கும் மேல் இறந்தார்கள். 2010-களில் அது 40-க்கும் கீழே வந்துவிட்டது. நல்ல மருந்து, இரத்தம், சாலை, பெண் கல்வி என்று இதற்குப் பல காரணங்கள். ஆனால் ஊர் ஊராகப் போய், கர்ப்பிணிகளை வீட்டிலேயே பார்த்து, ஆபத்தை முன்கூட்டியே அறிந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பொதுச் சுகாதார மருத்துவச்சிகளுக்கு அதில் பெரிய இடம் உண்டு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்கள் சொந்த மொழியில் படித்து, சொந்த மொழியில் பேசும் பெண்கள்.

மறுபடியும் தமிழில்

கிரீன் போன பிறகு மானிப்பாயின் தமிழ் மருத்துவ வகுப்பு நீடிக்கவில்லை. மருத்துவப் படிப்பு முழுவதும் ஆங்கிலத்துக்கே போனது. 'பிரசவ வைத்தியம்' நூலகங்களில் ஒதுங்கியது. மானிப்பாயில் கிரீன் பெயரில் உள்ள மருத்துவமனை மட்டும் அவரை நினைவுபடுத்துகிறது.

2023-ல் தமிழ்நாடு அரசு சில மருத்துவப் பாடநூல்களைத் தமிழில் வெளியிட்டது. அதில் ஒன்று கிரேயின் உடற்கூறியல். இன்னொன்று ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் கிருஷ்ண மேனனும் எழுதிய புகழ்பெற்ற மகப்பேறு நூல். கிரீன் மானிப்பாயில் மொழிபெயர்த்த அதே இரண்டு பாடங்கள், ஒன்றரை நூற்றாண்டு கழித்து மறுபடியும்! இந்த முறை மகப்பேறு நூலை மூலத்தில் எழுதியவர்களே நம் ஊர் டாக்டர்கள் என்பது ஒரு வித்தியாசம். வகுப்பறையில் பாதிக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய வித்தியாசம்.

தமிழில் மருத்துவம் முடியுமா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. முடியும் என்பதை 1864-லேயே மானிப்பாயில் செய்து காட்டிவிட்டார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. தமிழில் படித்த டாக்டரும் நர்ஸும் ஆங்கிலத்தில் படித்தவருக்குச் சமமான சம்பளமும் மதிப்பும் பெறுவார்களா? அதற்கு நாம் ஏற்பாடு செய்யாவிட்டால், கிரீனின் மாணவர்கள் செய்ததைத்தான் இன்றைய மாணவர்களும் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.